ஊர்ச் சரக்கு

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த சாம்சுந்தரைக் கீழேயிருந்து பெத்துராஜ் கூப்பிட்டார்.

“மாப்ள, மறுபடியும் எங்க போறீய? சபையில இருந்து ஆள் வந்திருக்காவ. அவங்கள யாரு பாக்குறது?”

“இந்தா வந்துருதேன் மச்சான்” என்றான் சாம்சுந்தர். ஆனால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கூடத்தில் ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அவன் மனைவி ஹெப்சி படுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் போன உயிர். வயிற்றில் வந்த கட்டி ஒரு வருஷமாக அவளைக் கரைத்துக் கரைத்து, கடைசியில் கல்யாணப் பட்டுக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. தலைமாட்டில் மகள் ஜெபிதா. பெட்டியின் மோட்டார் சத்தம் மாறும்போதெல்லாம் அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தெருவில் தறிச்சத்தம் இல்லை. எதிர்வீட்டுச் சங்கரபாண்டி காலையிலேயே தன் தறிக்கொட்டகையை நிறுத்திவிட்டார். கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு நின்றுபோனதில், சாம்சுந்தருக்குக் காலை எங்கே ஊன்றுவது என்று தெரியவில்லை.

இறங்கி வந்து சபை ஆட்களைப் பார்த்தான். அடக்கம் நாலு மணிக்கு என்று முடிவானது. யாரோ கையைப் பிடித்து அழுதார்கள். அவன் கை அவர்கள் கையில் இருந்தது. கண் மாடிப்படியில் இருந்தது.

மேலே அவனுக்கு வேலை இருந்தது. பூச்சிக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். இத்தனை பேருக்கு நடுவில், இன்றைக்கு, அதை எப்படிச் சொல்வது?

ஹெப்சி பல்கலைக்கழகத்தில் பூச்சிகளை ஆராய்ந்தாள். தெருவில் அவளுக்குப் பெயர் காலேஜ் டீச்சர். அவளும் திருத்தியதில்லை. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோப்புகளில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி வந்து விழுந்த வருஷத்திலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. காம்பிலும் கிளையிலும் வெள்ளை மாவை அப்பினாற்போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மருந்து அடித்தால், மேலே இருக்கும் மாவே அதைக் காப்பாற்றிவிடும். இதற்கு எதிரி என்று ஒன்று எங்காவது இருக்கத்தான் வேண்டும் என்று மலையடிவாரமெல்லாம் அலைந்து, கேட்பாரற்று நின்ற ஒரு காட்டு நாரத்தை மரத்தில் அதைக் கண்டுபிடித்தாள். எள்ளைவிடச் சின்னதான ஒரு குளவி. மாவுப்பூச்சிக்குள் அது முட்டையிடும். மாவுப்பூச்சி பழுப்பாக இறுகிச் செத்துப்போகும். கொஞ்ச நாளில் அந்தக் கூட்டைத் துளைத்துக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். அடுத்த மழைக்கு முன்னால் அந்த மரத்தை யாரோ விறகுக்கு வெட்டிவிட்டார்கள். பிறகு எங்கே தேடியும் அந்தக் குளவி கிடைக்கவில்லை. ஹெப்சி ஆய்வகத்தில் வளர்த்து வைத்திருந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஆராய்ச்சித் திட்டத்துக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. வரும் வரும் என்று இருந்தார்கள். ஒரு நாள் அந்த அறையின் ஏசியை நிறுத்தினார்கள், இன்னொரு நாள் அறையையே கேட்டார்கள். ஹெப்சி குளவிகளை மடியில் வைத்துப் பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மாடி அறையில் பலகை அடித்து, மஞ்சள் பூசணிக்காய்களை அடுக்கி, காய் மேல் மாவுப்பூச்சியை ஏற்றி, அதன் மேல் குளவியை விட்டு, மெல்லிய வலைத்துணியால் மூடினாள். பூசணி சீக்கிரம் அழுகாது என்பதால் இந்த வேலைக்கு எல்லா இடத்திலும் பூசணிதான். அவளால் படி ஏற முடியாமல் போன பிறகு சாம்சுந்தர் ஏறினான். தன் புத்தகக் கடையைச் சாத்திவிட்டு வந்து, தாளில் தேனைக் கோடு கோடாக இழுத்து வலைக்குள் வைப்பான். கீழே வந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்: பறக்குதா?

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது. உயிருள்ள குளவி கையில் இருந்தால் திட்டத்தை மறுபடியும் எடுக்கலாம். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். ஹெப்சியின் மாணவி விஜிதா குளவிகளை எடுத்துப்போக வருவதாக இருந்தது. இப்போது அடக்கத்துக்கு வருகிறாள்.

போன கிறிஸ்துமஸுக்குப் புளியங்குடியில் பெத்துராஜ் வீட்டில் சாப்பாடு. பெத்துராஜ் ஹெப்சியின் அண்ணன், எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறவர். இலையில் கறியை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“ஏட்டி, இத்தன வருசமா அரசாங்கம் ஒனக்குத் துட்டு குடுத்துச்சே, என்னத்தக் கண்டுபிடிச்ச?”

“எதெது சரிவராதுன்னு கண்டுபிடிச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. உபயோகமான காரியம் என்றால் கம்பெனிக்காரன் போட்டி போட்டுக்கொண்டு வரமாட்டானா, அவனே எட்டிப் பார்க்காததில் வரிப்பணத்தை எதற்குக் கொட்டணும் என்று கேட்டார். ஒரு மருந்துக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டதும் அவள் போகாததும் அவருக்கு ஆறாத சங்கதி. ஹெப்சி எலும்பை இலையோரம் ஒதுக்கினாள்.

“அண்ணே, மருந்துன்னா வருசா வருசம் விக்கலாம். இந்தக் குளவிய ஒருக்கத் தோப்புல விட்டா அதுவே பெருகிப் பக்கத்துத் தோப்புக்கும் போயிரும். ரெண்டாந்தரம் எவன் வாங்குவான்? இது விக்க முடியாத சரக்கு. விக்க முடியலன்னா வேண்டாம்னு ஆயிருமா? ஊருக்குல்லா வேணும். ஊருதான் செய்யணும்.”

“ஊருன்னா யாரு? நீயும் நானும்தான?”

“அதத்தான் நானும் சொல்லுதேன்.”

பெத்துராஜ் இன்னொரு கரண்டி கறியை அவள் இலையில் வைத்தார். அவள் நன்றாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

சாம்சுந்தருக்கு இப்போது நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான். மாலையை வாங்கி வைத்தான், வைத்த மாலையை மறுபடியும் எடுத்து வேறு இடத்தில் வைத்தான். சபையாரின் பாட்டுச் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து படிப்பக்கம் நகர்ந்தபோதுதான் புறவாசலிலிருந்து பெத்துராஜின் மனைவி ஞானபூரணத்தின் குரல் கேட்டது.

“என்ன தடியங்காய்ட்டி இது? உள்ள மஞ்சளா இருக்கு.”

 பாட்டுக்கு நடுவே ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினான்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று, வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு பக்கத்து வீட்டுக் கொல்லையில் தயாராகிக்கொண்டிருந்தது. காய் நறுக்குவது மட்டும் இந்தப் பக்கம். பெரிய அண்டாவில் தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. ஒரு பெண் தேங்காய் நாரால் காயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்த காய்கள் மஞ்சளாக மின்னிக்கொண்டு வரிசையாக இருந்தன. ஒன்று அரிவாள்மனைக்கு முன்னால் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

ஞானபூரணம் அவன் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

“தம்பி, மேல அடுக்கி இருந்துச்சு. நீங்க சபைக்காரங்கள்ட்ட பேசிட்டு இருந்தப்ப எறக்குனோம். இன்னைக்குன்னு யாரோ வாங்கிப் போட்டதாக்கும்னு நெனச்சேன். நல்லா சாம்பல் பூத்த தடியங்கா மாதிரியே இருந்துச்சு. வலைத்துணி கெட்டியிருக்கவும், பூச்சி அண்டாம இருக்கத்தான் கெட்டியிருக்காவன்னு…”

வெள்ளைப் பூசணிக்குத்தான் இந்தப் பக்கம் தடியங்காய் என்று பெயர். அதன் தோலில் இயல்பாகவே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதைத் தேய்த்துக் கழுவித்தான் கூட்டுக்கு நறுக்குவார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சாம்சுந்தர் அண்டாவில் கையை விட்டான். மாவும் நுரையும் விரலில் ஒட்டின. அழவேண்டும் போல இருந்தது, ஆனால் அழுதால் ஹெப்சிக்கு அழுவதாக எடுத்துக்கொள்வார்கள்.

“எல்லாத்தயும் கழுவியாச்சா அக்கா?”

அவள் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் சாக்கின் அடியில் ஒன்று மட்டும் கழுவாமல் கிடந்தது. வலைத்துணி பாதி அவிழ்ந்திருந்தது. அவன் அதை இரண்டு கையாலும் எடுத்தான்.

விஜிதாவுக்குப் போன் போட்டான். அவள் பஸ்ஸில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னான். பழுப்பு நிறமாக ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாள். அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். வெள்ளை மாவுக்கு நடுவே, காய்ந்த சோளத்தவிடு மாதிரி, பழுப்பாக நிறைய.

“அது போதும் சார். அதுக்குள்ளதான் குளவி இருக்கு. வெயில் படக்கூடாது. பெனாயில், புகை எதுவும் பக்கத்துல வரக்கூடாது. பஸ் லேட்டாகும்போல இருக்கு. நேரா கல்லறைத் தோட்டத்துக்கு வந்து வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் நீங்க…” என்றவள் முடிக்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மாடிக்குக் கொண்டுபோனான். அங்கே களைத்துப் படுத்திருந்த உறவுக்காரர்கள் கொசுவர்த்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். கொல்லையில் விறகுப் புகை. முன்வாசலில் இப்போதே பெனாயில் வாளி வந்து நின்றது. ஹெப்சியை எடுத்த கையோடு வீட்டை மேலிருந்து கீழ்வரை கழுவிவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால், யாரிடம் என்ன சொல்லிக் கொடுப்பது, அவர்கள் அதை எங்கே வைப்பார்கள்? அவன் வலைத்துணியை இறுக்கிக் கட்டி, காயை மடியில் வைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். இவ்வளவு நேரத்தில் முதல்முறையாக அவன் கால்கள் ஓரிடத்தில் இருந்தன.

கூடம் அவனைப் பார்த்தது. பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். பொண்டாட்டி போன துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னது தெளிவாகவே கேட்டது. ஜெபிதா மட்டும் கையை நீட்டி, துணியின் ஒரு நுனியை உள்ளே செருகிவிட்டாள்.

பெத்துராஜ் வந்து அவன் பக்கத்தில் குனிந்தார்.

“மாப்ள, நாலு பேரு பாக்குதாவ. கீழ வைங்க.”

“வைக்க மாட்டேன் மச்சான்.”

“ஒங்க மதிப்பு மரியாதைக்குத்தான் சொல்லுதேன். போதகர் வந்துட்டாரு. ஜெபத்துல பூசணிக்காயோடயா இருப்பீய?”

“இருப்பேன்.”

பெத்துராஜுக்குக் கோபம் வந்தது. நேற்றிலிருந்து அவரும் தூங்கவில்லை. தங்கை செத்துக் கிடக்கிறாள். “அவ உசுரோட இருந்தப்பதான் அந்த எழவுப் பூச்சியே கெதின்னு கெடந்தா. உடம்பு இப்படி ஆனப்புறமும் பஸ்ஸுல தூக்கிட்டு அலைஞ்சா. துட்டு தரமாட்டேன்னு சொல்லியாச்சு, ஒழிஞ்சிட்டுப் போகுதுன்னு விட்டாளா? இன்னைக்காவது அவள நிம்மதியாப் போக விடுங்க. தூரப் போடுங்க அத.”

சாம்சுந்தர் நிமிர்ந்து பார்த்தான். மச்சானிடம் குரல் உயர்த்தி அவன் பேசியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“இது நம்ம வீட்டுச் சரக்கா இருந்தா நீங்க சொன்ன ஒடனே போட்டுருவேன் மச்சான். இது ஊரு துட்டுல வளந்தது. ஒங்க மண்டிக்கு எலுமிச்ச கொண்டாரான்லா தோப்புக்காரன், அவன் துட்டு. அவன்ட்ட கேக்காம நான் எங்கன கீழ வைக்க?”

 போதகர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சாம்சுந்தரும் காயோடு எழுந்தான்.

ஜெபம் நடந்தது. ஹெப்சியின் வாழ்க்கைக் குறிப்பைச் சபைச் செயலர் வாசித்தார். நல்லாசிரியை என்று அதில் இருந்தது. சவப்பெட்டியை மூடும்போது ஜெபிதா கத்தினாள். வண்டியில் பெட்டிக்கு ஒரு பக்கம் சாம்சுந்தரும் மறுபக்கம் பெத்துராஜும் உட்கார்ந்தார்கள். பஸ் நிலையத்தைத் தாண்டும்போது சாம்சுந்தர் எட்டி எட்டிப் பார்த்தான். விஜிதாவைக் காணவில்லை. பெத்துராஜ் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். 

கல்லறைத் தோட்டத்தில் மரமே இல்லை. மேற்கிலிருந்து வெயில் நேராக முகத்தில் அடித்தது. சாம்சுந்தர் துண்டால் காயை மூடி, துண்டின் மேல் கையை மூடி நின்றான். கூட்டம் குழிக்குப் பக்கத்தில் நெருங்கியது. பெட்டி கயிற்றில் மெல்ல இறங்கி, அடியில் மண்ணைத் தொட்ட சத்தம் கேட்டது. கயிறுகளை உருவினார்கள். போதகர் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

அவன் அசையவில்லை. கீழே வைக்க இடம் தேடினான். சுற்றிலும் கால்கள், சுடுகிற மண், புதிதாகத் தோண்டிய ஈரக்குவியல். ஜெபிதா அவன் தோளில் முகம் புதைத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“கொண்டாங்க” என்றார் பெத்துராஜ்.

அவன் தயங்கினான். அவர் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றார். கொடுத்தான்.

குனிந்து ஒரு பிடி அள்ளினான். பாதி மண் விரலிடுக்கிலேயே உதிர்ந்தது. மிச்சத்தைப் போட்டான். இன்னொரு பிடி அள்ளினான். குழிக்குள் பலகையில் மண் விழும் சத்தம் தறியின் முதல் அடி மாதிரி வெறுமையாகக் கேட்டது. மூன்றாவது பிடியை அள்ளும்போதுதான் தன்னையறியாமல் மச்சானின் பக்கம் திரும்பினான்.

பெத்துராஜ் காயை நெஞ்சோடு சேர்க்காமல், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது போலத் தள்ளியே பிடித்திருந்தார். துண்டு ஒரு பக்கம் நழுவியிருந்தது. அதைச் சரிசெய்ய அவருக்குக் கை இல்லை. தங்கையின் குழியைப் பார்த்து நின்றவர், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, குழிக்குப் பக்கவாட்டில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய நிழல் காயின் மேல் விழுந்தது. வெயில் உறைக்க உறைக்கச் சட்டை முதுகோடு ஒட்ட ஆரம்பித்தது. மண் தள்ளுகிறவர்கள் விலகச் சொன்னபோதும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.