ஹில்லா மூன்று முறை கேட்டாள்

1

இந்தக் கதை என் கணவர் ஒஸ்மோவின் வயலின் பயிற்சி நோட்டிலிருந்து கிடைத்தது. அவரிடம் கேட்காமல்தான் எடுத்து எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "குவோபியோவில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வயலின் கம்பிகள்மேல் பிஞ்சு விரல்கள்..." வேண்டாம். மார்ச்சில் எங்கள் ஊரில் பனி பெய்யாத மாலை எது? விரல்களும் பிஞ்சு அல்ல. பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஒஸ்மோவின் விரல்கள்.

2

எங்கள் மகள் ஹில்லாவுக்கு நான்கு வயது. ஆசிரியை மர்யுக்காவின் வழக்கம் இது: குழந்தைக்கு எடுத்தவுடன் வயலின் தருவதில்லை. குழந்தைக்கான அந்தக் குட்டி வயலினில் அப்பாவோ அம்மாவோ வீட்டில் வாசிக்க வேண்டும். பார்த்துப் பார்த்து ஏங்கி, குழந்தையே கேட்க வேண்டும். கேட்டவுடனும் கொடுத்துவிடக் கூடாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

[நோட்டில் இருப்பது: "திங்கள்: கேட்டாள். கொடுக்கவில்லை. செவ்வாய்: கேட்டாள். கொடுக்கவில்லை. வியாழன்: கேட்டாள், அழுதாள். கொடுக்கவில்லை." பிறகு ஒன்பது நாள் அவள் கேட்டதாக ஒன்றுமில்லை.]

3

அடுத்த வகுப்பில் மர்யுக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மூணு தடவையா கேட்டா?"

"கிழமையோட எழுதி வச்சிருக்கேன்."

"ஐயோ ஒஸ்மோ! கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொன்னேன். கணக்கெடுப்பா நடத்தச் சொன்னேன்?"

"எத்தனாவது தடவைல குடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லியே."

நாற்காலிக்கு அடியிலிருந்து ஹில்லாவின் குரல் வந்தது: "அது அப்பாவோட வயலின். எனக்கு வேணாம்."

மர்யுக்கா குரலைத் தாழ்த்தினார். "இப்ப திணிச்சீங்க, அப்புறம் தொடவே மாட்டா. அவளாத்தான் வரணும்."

4

ஒஸ்மோவை, சொன்னதை அப்படியே செய்கிற அப்பாவி மனிதராக எழுதியிருந்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். அந்த வியாழக்கிழமை நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். "இரு செல்லம், இந்த ஒரு வரிய முடிச்சுடறேன்" என்றார். அந்த ஒரு வரியை நான்கு முறை வாசித்தார்.

[நான்காவது முறை நன்றாகவே வந்தது. நானும் எழுந்து ஹில்லாவிடம் போகவில்லை.]

நேற்று அவரே சொன்னார்: "அவ கேட்டப்போ எனக்குக் குடுக்க மனசு வரல. முறை, அது இதுன்னு சும்மா சொல்லிட்டிருந்தேன்."

"அதை நோட்டுல எழுதினியா?"

"போடி."

5

முடிவு ஒன்று: ஒஸ்மோ தனக்கென்று ஒரு பெரிய வயலின் வாங்குகிறார், இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். இனிப்பு அதிகம்.

முடிவு இரண்டு: ஹில்லா ஐஸ் ஹாக்கிக்குப் போய்விடுகிறாள். இதுவும் நடக்கக்கூடியதுதான்.

உண்மையில் நடப்பது இது. இன்று சனிக்கிழமை. ஒஸ்மோ குட்டி வயலினைச் சோபாமேல் வைத்துவிட்டு, வாசலில் பனி அள்ளப் போயிருக்கிறார். அங்கே அள்ளுவதற்குப் பனியே இல்லை, காலையிலேயே அள்ளிவிட்டார். சோபாவுக்கு எதிரே, ஒற்றைக் காலுறையோடு, ஹில்லா. நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்:

ஹில்லா கையை நீட்டி

இல்லை. அந்தக் கையை நான் நீட்டக் கூடாது. எப்போது கொடுப்பது என்று அவளைக் கேட்காமலே நாங்கள் மூன்று பேர் முடிவுசெய்தது போதும். நீங்கள் வேண்டுமானால் இங்கேயே நின்று பாருங்கள். ஆனால் அவள் திரும்பினால், தயவுசெய்து, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல் இருங்கள்.