பவுனு தின்ற பொங்கல்

ஒரு காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், வீட்டுக்கு ஒரு மாடு இருந்ததாம். இப்போது மிஞ்சியிருப்பவள் எங்கள் பவுனு ஒருத்திதான். அதனால் மாட்டுப்பொங்கலன்று மொத்த லயத்தின் பக்தியும் அவள் ஒருத்தி வாய்க்குள்தான் போய் விழும்.

இந்த வருஷம் விழுந்தது கொஞ்சம் அதிகம். மறுநாள் காலையில் தொழுவத்தைப் பார்த்த எனக்குத் தலை சுற்றியது. பவுனுவுக்குத் தண்ணீராய்க் கழிச்சல். சுவர், தூண், கூரைத் தகரம், எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கூரைக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவளோ புல்லை முகர்ந்துகூடப் பார்க்காமல் தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொழுந்துக் கூடையை நான் இறக்கி வைத்ததே அவள் பாலை நம்பித்தான். அவள் போய்விட்டால் மறுபடி கொழுந்து பறிக்க மலையேற வேண்டியதுதான்.

என் புருஷன் ரவிகுமார் மாட்டு டொக்டர் அனீஸாவை ஓட்டோவில் கூட்டிவந்தார். டொக்டர் காய்ச்சல் பார்த்தார், இல்லை. இரத்தமும் போகவில்லை. இடது விலாவை அமுக்கியதும் உள்ளே குடத்துத் தண்ணீர் போலத் தளும்பியது. பிறகு குச்சியால் சாணத்தைக் கிளறி மோந்து பார்த்தார். நுரையோடு புளித்த வாசம் அடித்தது.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன உருண்டைப் பொங்கல்தான் கொடுத்தோம் என்றேன். மற்றவர்களைக் கேட்டார். ஒரு பருக்கைகூடக் காட்டவில்லை என்று லயமே சத்தியம் பண்ணியது. அப்படியென்றால் இது தொற்று நோயாகவும் இருக்கலாம், சோதித்து முடிவு வரும்வரை யாருக்கும் பால் ஊற்றக்கூடாது என்றார்.

அப்போது குச்சி நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. டொக்டர் குனிந்து பார்த்தார்.

"கஜு," என்றார். முழுசாய் ஒரு முந்திரிப் பருப்பு.

எல்லாத் தலையும் சுரேஸ் பக்கம் திரும்பியது. கண்டியில் துணிக்கடையில் வேலை செய்பவன் அவன். கஜு போட்டுப் பொங்கியது தன் வீடு மட்டும்தான் என்று முந்தின நாள் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவனும் அவனே.

"ஒரே ஒரு வாழ எலப் பொங்கல்தான் வச்சேன், மிஸ். அங்கம்மாக்கா சட்டியோட வச்சாங்க."

அங்கம்மாக்கா விடுவாரா? காளிமுத்து அண்ணன் வாளியோடு வந்ததைப் போட்டுடைத்தார். அண்ணனோ தன் பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுத்தார். கடைசியில் யார் வீட்டுப் பொங்கலைப் பவுனு ருசித்துத் தின்றாள் என்று சண்டையே மூண்டுவிட்டது.

டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாட்டு வயித்துல நாலு அற இருக்கி. எண்டாலும் ஒரு லயத்துப் பொங்கலுக்கு எடமில்ல."

சோறும் சர்க்கரையும் உள்ளே புளித்துப்போனதுதான் வினை என்றார். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குழாயால் வயிற்றுக்குள் இறக்கினார். காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வையுங்கள், இடையிடையே மெல்ல நடத்துங்கள் என்றவர், பொங்கல் கொடுத்தவர்கள்தான் பின்னால் நடக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று எங்கள் லயத்தில் தேர்த்திருவிழாதான். முன்னால் பவுனு, பின்னால் மொத்தச் சனமும். காளிமுத்து அண்ணனுக்குச் சும்மா நடக்கத் தெரியாது, தப்பு மேளத்தை எடுத்து மெதுவாகத் தட்டினார். சுரேஸின் வெள்ளைச் சட்டை முதல் வளைவிலேயே நிறம் மாறிவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பயத்தோடுதான்.

பொழுது சாயும்போது பவுனு படுத்து அசைபோடத் தொடங்கினாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இரண்டு நாளில் கெட்டிச் சாணம் போட்டாள். லயமே வந்து எட்டிப் பார்த்தது. அங்கம்மாக்கா அதில் ஒரு பிடி எடுத்துப் பிள்ளையார் பிடித்து, தலையில் அறுகம்புல் செருகினார். படையலுக்குப் பொங்கல் வைக்கவா என்று என்னைக் கேட்டார்.

"வைங்கக்கா," என்றேன். "ஆனா இந்தத் தடவ நாமளே தின்போம்."