காத்தக்காவின் புதுக் கையாள்

மழை கொட்டிய ஒரு மாலையில், ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொரு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், காத்தக்கா தன் கையாளைத் தொலைத்துவிட்டாள்.

கையாள் என்றால் ஆள் இல்லை, கையடக்கக் கம்ப்யூட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அவள். அந்தக் கருவிக்கும் திரை கிடையாது. தட்டச்சு செய்யச் சில பொத்தான்கள், அவற்றுக்குக் கீழே ஒரே ஒரு வரி. அந்த வரியில் கடுகளவு ஊசிகள் எழும்பியும் அமுங்கியும் புள்ளி எழுத்துகளாகும். அவள் அவற்றின்மேல் விரலை ஓட்டிப் படிப்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அவள் மடியைவிட்டு இறங்கியதில்லை.

வேலை என்பது வானிலை நிலையத்தில் அறிக்கை வாசிப்பது. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதையெல்லாம் ரேடியோவில் அவள் குரல்தான் சொல்லும். காத்தக்கா என்ற பெயரும் படகுக்காரர்கள் வைத்ததுதான். அது கரையேறி, நிலையத்துக்குள் நுழைந்து, கடைசியில் அவள் புருஷன் வாயிலும் வந்து ஒட்டிக்கொண்டது. கட்டின பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிடுகிற மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி வெறுங்கையோடு வந்து நின்றதைப் பார்த்ததும், நனைந்த சட்டையை மாற்றக்கூட நிற்காமல் பஸ் பணிமனைக்கு ஓடினார். ஒவ்வொரு டிரைவராகப் பிடித்துக் கேட்டார். ரேடியோவிலும் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திரையே இல்லாத கம்ப்யூட்டரை எடுத்தவர், இது என்ன சாமானென்றே புரியாமல் எங்கேயாவது தூக்கிப் போட்டிருப்பார் என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அறிக்கை நிற்கக்கூடாதே. புயல்களைக் கணிக்கும் மூத்த அதிகாரியம்மா பக்கத்து அறையிலிருந்து காகிதத்தைப் படிப்பது, அது காத்தக்காவின் காதுக்குள் ஒலிக்கிறபடியே அவள் மைக்கில் சொல்வது என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதல் நாள் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் நாள், "வடகிழக்குத் திசையிலிருந்து கொஞ்சம் இரும்மா கண்ணாடியத் துடைச்சுக்கறேன்" என்று காத்தக்கா கம்பீரமாக அறிவித்தாள். கடலில் இருந்தவர்கள் அன்றைக்கு எந்தத் திசையில் வலை போட்டார்களோ தெரியாது. அதிகாரியம்மாவுக்குக் கண்ணாடியம்மா என்ற பெயர் அன்றே நிலைத்துவிட்டது. கையாளுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ள நிலையம் உடனே அனுமதி கொடுத்தது. ஒன்றுதான், இனிப் பல வருஷத்துக்கு வேறு கேட்கக்கூடாது என்ற கண்டிப்போடு.

அந்தக் கடை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. புது அட்டைப்பெட்டி வாசனை. கடையை நடத்துகிற பெண் வளவளவென்று பேசாதவள். எதை எங்கே வைக்கிறாளோ அதை மேஜையில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். காத்தக்காவுக்கு அது பிடித்திருந்தது.

முதலில் வந்தது உள்ளங்கை அளவுக் கருவி. எதைக் கொடுத்தாலும் படித்துச் சொல்லும். காதுக்குள் ஒருத்தர் பேச வாய் வேறு பேசுகிற கூத்தெல்லாம் இனி வேண்டாம் என்று அதை நகர்த்திவிட்டாள். அடுத்தது, தொலைந்துபோன கையாளின் பேரன் என்று சொல்லலாம். அதே ஒரு வரி, அதே பொத்தான்கள். ஆனால் ஒல்லி, ஊசிகள் பழையதைவிடச் சுறுசுறுப்பு. விரல் வரியின் கடைசிக்குப் போவதற்குள் அடுத்த வரி வந்து நின்றது. அவள் முகம் மலர்ந்தது. இதையே கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியும் விட்டாள்.

அதற்குள் புருஷன் அடுத்த மேஜைக்குப் போய்விட்டிருந்தார். இயந்திரம் என்று எதைக் கண்டாலும் மூடியைத் திறந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"இது என்ன, டீ கொண்டுவர்ற தட்டா?" என்றார்.

அதுவும் அதே ஜாதிக் கருவிதான், ஆனால் ஒரு வரிக்குப் பதிலாகத் தட்டு முழுக்க ஊசிகள், படம் காட்டும் என்றாள் கடைக்காரப் பெண். கையில் பிடிக்க முடியாது, மடியில் வைத்துக்கொள்ளலாம். எழுத்தும் காட்டும், ஆனால் ஒரு பக்கம் மாற மூச்சுவிடுகிற நேரம் பிடிக்கும். அறிக்கை வாசிக்கிறவர்களுக்கு அவ்வளவாகச் சரிப்படாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

படம் என்றதும் காத்தக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் அட்டையில் மேடாக்கிய படங்களைத் தொட்டிருக்கிறாள். யானை, கிழிந்த சாக்குப்பை மாதிரி இருந்தது. அதற்கப்புறம் படத்தோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கடைக்காரப் பெண்ணின் மனசு நோகக்கூடாதே என்றுதான் கையை வைத்தாள்.

தட்டுக்குள் சரசரவென்று ஓர் ஓசை, மணலில் எறும்புக் கூட்டம் ஓடுவது போல. விரல்களுக்குக் கீழே ஏதோ எழும்பியது. அடியில் தடித்து, நடுவில் கொஞ்சம் உப்பி, மேலே போகப் போகக் குறுகி, முனையில் ஒரே ஒரு ஊசியாக முடிந்தது. என்ன பழம் என்று கேட்டாள்.

"பழம் இல்ல மேடம். தீ. மெழுகுவத்தித் தீ."

காத்தக்கா கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பழக்கதோஷம். பிறகு மெதுவாக மறுபடியும் வைத்தாள்.

தீ அவளுக்குச் சூடாகத்தான் தெரியும். அடுப்பில் அதன் சீறல் தெரியும். அதற்கு ஒரு வடிவம் உண்டு, அது கூம்பி மேலே பார்க்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமல் இல்லை. சொன்னது வேறு, இது வேறு. இத்தனை காலமும் தொட்டதெல்லாம் தெரியும் என்று இருந்தாள். மேஜை, மாம்பழம், புருஷனின் தாடை. தொட முடியாதது இவ்வளவு இருக்கிறது என்பதை அவள் நின்று யோசித்ததே கிடையாது. சுடுவது, எட்டாதது, கை பட்டால் அறுந்துபோவது. சிலந்தி வலை கேட்டாள், வந்தது. நூல் நூலாகத் தடவினாள், அறுபடவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. கடைக்காரப் பெண் மின்விசிறியை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பிறகு காத்தக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்.

"புயல் இருக்கா?"

எந்தப் புயல் என்று கேட்டபோது, ஊரையே புரட்டிப்போட்ட அந்தப் பெரிய புயலைச் சொன்னாள். அதன் அறிக்கைகளை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தவள் அவள்தான். மேலேயிருந்து எடுத்த படங்கள் தேடினால் கிடைத்தன. சரசரவென்று தட்டு நிறைந்தது. இடது ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு, அது கரை. மற்ற இடமெல்லாம் ஒரு பெரிய சுழல். நீண்டு வளைந்த கைகள், ஒன்றின் பின்னால் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு. காத்தக்கா ஒரு கையின் நுனியில் விரலை வைத்து அதன் போக்கிலேயே போனாள். அது அவளைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டு போனது. போகப் போக ஊசிகள் நெருங்கின, மேடு உயர்ந்தது. திடீரென்று விரல் வழுக்கி ஒரு பள்ளத்தில் விழுந்தது. நடு மத்தியில் வட்டமாக, வழவழவென்று ஒரு வெற்றிடம். அங்கே ஓர் ஊசிகூட எழும்பவில்லை.

"என்னங்க, இது என்ன?"

"அதான் கண்ணு, காத்தக்கா. நீதானே சொல்வே, புயலோட கண்ணுன்னு."

சொல்லியிருக்கிறாள், கணக்கில்லாமல். பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை என்றே நினைத்திருந்தாள். விரலால் அந்த வெற்றிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அதோட கண்ணுலயும் ஒண்ணுமே இல்லீங்க. என்னய மாதிரிதான்."



அடுத்தடுத்த படங்களை வரிசையாக ஓடவிட முடியும் என்றாள் கடைக்காரப் பெண். ஓடவிட்டாள். அத்தனை பெரிய சுழலும் காத்தக்காவின் உள்ளங்கைக்குக் கீழே உயிர் வந்ததுபோல நகர ஆரம்பித்தது. ஊசிகள் விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, கரையைப் பார்த்து வந்தன. அவள் இடது கை கரையில் இருந்தது. வலது கை புயலோடு கூடவே வந்துகொண்டிருந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"நாம இங்கதானே இருந்தோம்?"

புருஷன் குனிந்து பார்த்தார். ஆமாம், அங்கேதான். அவள் நிலையத்தில் மைக்கைவிட்டு நகராமல் இருந்ததும், அவர் வீட்டில் கட்டிலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நின்றதும் அந்த ஓர் ஊசிக்குள் அடக்கம். காத்தக்கா அந்த ஊசியைத் திரும்பத் திரும்பத் தடவினாள். பயம் என்று சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய ஒன்று தங்கள் தலைக்கு மேல் அன்று நடந்துபோயிருக்கிறது. அது இவ்வளவு ஒழுங்காக, கோலி உருட்டினது மாதிரி ஒரு வட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு, அழகாகக்கூட இருந்திருக்கிறது. அதன் அடியில் இவர்கள் சோறு தின்று, சண்டை போட்டு, உயிரோடும் மிஞ்சியிருக்கிறார்கள்.

தட்டைத்தான் வாங்குவேன் என்றாள்.

புருஷன் தடுத்துப் பார்த்தார். அவருக்கும் அந்தத் தட்டின்மேல் ஆசைதான். ஆனால் வேலைக்கு வாங்குகிற சாமானில் வேகம் வேண்டாமா, வாசிக்கும்போது திக்கி நின்றால் ஊரே சிரிக்காதா, கேட்டால் இன்னொன்று தருவார்களா என்று நியாயமாகத்தான் பேசினார்.

"வேலைக்குத்தான் வாங்கறேன்" என்றாள் காத்தக்கா. "இத்தன வருஷம் எதப்பத்திப் பேசறோம்னே தெரியாம பேசிட்டிருந்திருக்கேன். வேகமா வேற பேசிட்டிருந்திருக்கேன்."

அவரே போய் ரசீதை வாங்கிக்கொண்டு வந்தார். தட்டைத் துணியில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

நிலையத்தில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. புருஷன் சொன்னதுபோலவே ஆரம்பத்தில் வாசிப்பு தடுமாறியது. பக்கம் மாறும்வரை மைக்குக்கு முன்னால் அவள் சும்மா இருக்க வேண்டியிருந்தது. ரேடியோவில் மௌனம் என்பது வீட்டில் புகை வந்த மாதிரி, எல்லோரும் பதறுவார்கள். பக்கத்தின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு, அதைச் சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பப் பழகினாள். அதற்குள் பாதி மாதம் ஓடிவிட்டது. ஒரு படகுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

பிறகு அந்த வருஷத்தின் முதல் புயல் கடலில் உருவானது. ஒவ்வொரு புதுப் படமும் வரவர அது காத்தக்காவின் மேஜைக்கும் வந்தது. கண்ணாடியம்மா பகல் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தன் வாழ்நாளில் எத்தனையோ புயல்களைப் பார்த்தவள். அறிக்கையைக் கொடுக்க வந்தபோது, காத்தக்கா இரண்டு கைகளையும் தட்டில் விரித்துவைத்து அசையாமல் இருந்ததைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, தானும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டுத் தொடுங்க. இல்லன்னா படம்தான் தெரியும்."

கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். காத்தக்கா அவள் விரலைப் பிடித்துச் சுழலின் வெளிக் கையில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள். விரல் மெல்ல நகர்ந்தது. உள்ளே போகப் போகக் கண்ணாடியம்மாவின் மூச்சு மாறுவது காத்தக்காவுக்குக் கேட்டது. அந்த நேரத்தில்தான் அடுத்த படம் வந்தது. ஊசிகள் சரசரத்து, புயல் அந்த விரலுக்கு அடியிலேயே ஓர் அடி எடுத்து வைத்தது.

"அம்மாடி" என்றாள் கண்ணாடியம்மா, மிகவும் தாழ்ந்த குரலில்.

கையை அவள் எடுக்கவில்லை. அறிக்கைக்கு நேரமாகிவிட்டதென்று மைக்கின் விளக்கைப் போட்டுவிட்டார்கள். காத்தக்கா எழுத்துப் பக்கத்தைத் திருப்பாமல், கண்ணாடியம்மாவின் கைக்குப் பக்கத்திலேயே தன் கையையும் வைத்துக்கொண்டு, கடலில் இருப்பவர்கள் எல்லோரும் உடனே கரைக்குத் திரும்பச் சொல்லிப் பேச ஆரம்பித்தாள்.