ஆளில்லாத தெரு

உலகத்தை அழிப்பதில் பிரின்சி கெட்டிக்காரி. தேனியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே அவள் எழுதிக் கொடுக்கும் நாலு வரியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் படம் வரைந்து தள்ளும். சேறு மூடிய பேருந்து நிலையம், சாம்பல் படிந்த மலைப்பாதை, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அணை. கொச்சியில் ஒரு சினிமாக் கம்பெனி, உலகம் முடிந்த பிறகு நடக்கிற கதை ஒன்றை எடுக்கிறது. அதற்கான முன்மாதிரிப் படங்கள் இவள் பொறுப்பு. வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், கேமரா எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது வரை எழுதுவாள். ஒன்பது படம் அனுப்பியாயிற்று. பத்தாவதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

ஆளில்லாத கடைத்தெரு. அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

அன்று காலையில் ஆண்டிபட்டியிலிருந்து கல் கொத்தும் ராக்கையா போன் செய்திருந்தார்.

"அக்கா, பாப்பாவோட கல்லறைக் கல்லு மூணு மாசமாப் பட்டறையில கெடக்கு. பேரு போட்டாச்சு, பிறந்த தேதி போட்டாச்சு. இறந்த தேதிய மட்டும் அண்ணாச்சி சொல்ல மாட்டேங்குறாக. கேட்டா நாளைக்குங்குறாக."

'நான் சொல்றேன்' என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. புருஷன் தன் வாயால் சொல்லாமல் அந்தக் கல்லை நட்டால், அது அவள் ஒருத்திக்காக நட்ட கல்லாகத்தான் நிற்கும்.

மகள் பெயர் ஷைனி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் நாலே நாளில் போய்ச் சேர்ந்தாள். தகப்பன் சுந்தர்ராஜ் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். 'இல்லை' என்ற சொல் அந்தக் கடையில் புழங்காது. அவன் அப்பா காலத்துச் சட்டம் அது. சொன்னால் பலித்துவிடும் என்ற பயம். பெருங்காயம் தீர்ந்துபோனால் "நாளைக்கு வருது" என்பான். உப்பு தீர்ந்தால் "மூட்டை இறங்கணும்" என்பான். யாவாரத்துக்கு நல்ல பழக்கம்தான், யார் குறை சொன்னது? ஆனால் போன வாரம் எதிர்வீட்டு உமாதேவி வந்து, தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள்.

"யாரோ வெளியூர்க்காரம்மா, பாப்பா என்ன படிக்குதுன்னு கடையில கேட்டாக. அண்ணன் மூணாவதுன்னு சொல்றாக, பிரின்சி."

ஷைனி இறந்தபோது ஒன்றாவது படித்தாள். வருஷா வருஷம் அவளைப் பாஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் மனுஷன். அதைக் கேட்டதிலிருந்து பிரின்சிக்கு அவன்மேல் பயமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தது தான் ஒருத்திதான் என்பதுபோல இரண்டு வருஷம் தனியாகவே அழுதிருக்கிறாள்.

பத்தாவது படத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். இடிந்த கடைத்தெரு, சாய்ந்த வெயில், புழுதி. மனிதர்கள் இல்லை. குழந்தைகள் இல்லை.

படம் வந்தது. தெருக்கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள்.

இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது. 'இல்லை' என்பது அந்த இயந்திரத்தின் காதில் விழாது, 'குழந்தை' மட்டும்தான் விழும். யானை இல்லை என்று எழுதினால் யானை வந்து நிற்கும். வேண்டாததை எழுதக் கூடாது, இருப்பதை மட்டும் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே பிரின்சிதான். இருந்தும் அன்றைக்கு அழித்து அழித்து அதையே எழுதினாள். குழந்தை இல்லை. குழந்தை இல்லவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சிறுமி வந்தாள். ஒன்றில் தகரத்துக்குப் பின்னால், இன்னொன்றில் கவிழ்ந்து கிடந்த ஆட்டோவின் நிழலில். ஆறாவது தடவை திரும்பிப் பார்த்தாள். ஷைனியின் முகம் அல்ல. யாரும் பெறாத ஏதோ ஒரு பிள்ளை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சுந்தர்ராஜ் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு இந்தப் புள்ள?"

"யாரோ. புள்ள இல்லன்னு எழுதுனா, புள்ளயக் கொண்டாந்து நிறுத்துது."

"இல்லன்னு எதுக்கு எழுதுற? நம்ம கடையில மாதிரி, இருக்கிறத மட்டும் சொல்லு."

பிரின்சிக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சரி, நீங்களே சொல்லுங்க. ஷைனி ரூம்ல என்ன இருக்கு? மூணாவது படிக்கிற புள்ள இருக்கா அங்கன?"

சுந்தர்ராஜ் அவள் அழுவதையும் திரையில் நின்ற பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எழுது," என்றான். "கட்டில் இருக்கு. போர்வை மடிச்சபடி இருக்கு. சன்னல்ல தூசி இருக்கு. சின்னச் செருப்பு ஒரு ஜோடி இருக்கு."

கடைத்தெருவை மறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் மாற்றி அடித்தாள். கடைப் பையனிடம் சரக்குப் பட்டியல் சொல்கிற அதே குரல்தான் அவனுக்கு.

"சுவத்துல பென்சில் கோடு இருக்கு. அவ உயரத்துக்குப் போட்டது. மூணு கோடு. கடைசிக் கோட்டுக்கு மேல..." நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தான். "கடைசிக் கோட்டுக்கு மேல வெறுஞ்சுவரு இருக்கு."

படம் வந்தது. கட்டிலும் சன்னலும் யார் வீட்டுடையதோ. ஆனால் மூன்று கோடுகள் இருந்தன, மேலே வெறுஞ்சுவர் இருந்தது. சுந்தர்ராஜ் திரைக்கு முன்னால் குனிந்து மூலை மூலையாகத் தேடினான். படத்தில் இருந்த கட்டிலுக்கு அடியில்கூட உற்றுப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"ராக்கையா, எழுதிக்கங்க. அக்டோபர் பத்தொம்பது." வருஷத்தையும் சொன்னான்.

ராக்கையா சத்தமாகக் கணக்குப் போட்டது பிரின்சிக்கும் கேட்டது. "அப்ப வயசு ஏழுன்னு போட்டுரவா, அண்ணாச்சி?"

"ஏழு ஆகல," என்றான். "ஏழு ஆகப் பதினோரு நாள் இருந்துச்சு. ஆறுன்னே போடுங்க. இனிமே அவளுக்கு ஆறுதான்."