பட்டன் தைத்த கார்

என் கணவர் நல்ல டெய்லர். துணி வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அவர் தைத்த பட்டன் எந்தச் சட்டையிலும் ஒரு மாதம் தாங்கியதில்லை. வாடிக்கையாளர்கள் விழுந்த பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். "நூல் சரியில்லைங்க" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நூல் சரியில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை டிரைவிங் லைசென்ஸோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஓட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கோளாறெல்லாம் எங்கள் பழைய காரின் வயிற்றில். புகைக்குழாய் பக்கத்து சீட்டுக்கு நேர் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவே இருந்த தகடு துருப்பிடித்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. கால் வைக்கும் இடம் தோசைக்கல்லாகக் கொதிக்கும். டெஸ்ட் எடுக்கும் ஆபீசர் அங்கேதான் உட்கார வேண்டும்.

முதல் தடவை அவருடைய ஷூ இளகி மிதியடியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை பாதி வழியில், "நிறுத்தும்மா, நிறுத்து!" என்று கத்திக்கொண்டே இறங்கி, நடந்தே ஆபீசுக்குப் போய்விட்டார். இரண்டிலும் ஃபெயில். மூன்றாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. பயிற்சிப் பள்ளியின் கார் பட்டறையில் கிடந்தது. இரவல் கேட்ட சொந்தபந்தமெல்லாம் அன்றைக்கு ஊரில் இல்லையாம். அதெப்படி எல்லோரும் ஒரே நாளில் கிளம்புகிறார்கள்?

"நான் இருக்கேன்ல, எதுக்குக் கவலைப்படுற?" என்றார் கணவர். எனக்குக் கவலையே அப்போதுதான் வந்தது.

கழுத்தில் டேப்போடு காருக்கு அடியில் புகுந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நோட்டுத்தாளில் பேட்டர்ன் வெட்டினார். "சூடு தடுக்கிற தகடு குழாயையும் தொடக் கூடாது, தரையையும் தொடக் கூடாது. நடுவுல காத்து போகணும். சட்டை மாதிரிதான், லூஸ் குடுத்துத் தைக்கணும்" என்று விளக்கம் வேறு. கடைசியில் சமையலறையில் போய் நின்றார். என் நாலு அலுமினிய மூடிகளும், முதல் சம்பளத்தில் நான் வாங்கிய பெரிய கேக் தட்டும் பேட்டர்னுக்குக் கச்சிதமாகப் பொருந்தினவாம்.

"உள்ளே கோட்டு லைனிங் துணி குடுக்கட்டுமா?"

"காரோட சேர்த்து என்னையும் கொளுத்தப் போறீங்களா?"

"சரி, வேணாம். நாலு ஓட்டை மட்டும் போட்டுக்கறேன், நட்டு மாட்ட..."

"என் தட்டுல ஓட்டை விழுந்துச்சு, அந்தக் கை அப்புறம் ஊசி பிடிக்காது, சொல்லிட்டேன்!"

மூடிகளின் குமிழிலும் தட்டின் கைப்பிடியிலும் கம்பி கோத்து, காரின் அடிவயிற்றில் தைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் புது ஷூவோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. குளத்துத் தண்ணீரில் காலை விடுவதுபோல முதலில் ஒரு காலை வைத்தார், பிறகு மற்றதை. நான் வண்டியை எடுத்தேன். கீழே மூடிகள் ஜல்ஜல்லென்று ஆடின.

"என்னம்மா சத்தம்?"

"சாமான் சார்."

"சூடே இல்லையே!" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது.

சந்தோஷம் அடுத்த தெருமுனைவரைதான். பின்னால் டங்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் என் குழம்புச்சட்டி மூடி நடுரோட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. சிக்னல் போட்டு, ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"உன்னை யாரு நிறுத்தச் சொன்னா?"

"பின்னாடி வர்றவங்க சறுக்கி விழுவாங்க சார்." ஓடிப்போய் முந்தானையால் மூடியை எடுத்து வந்து பின்சீட்டில் போட்டேன்.

இரண்டாவது மூடி சந்தையோரம் விழுந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைத்து நிறுத்தினேன். மூன்றாவது மேட்டில் விழுந்தது. மேட்டிலே நிறுத்தி, ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் வண்டியை எடுத்தேன். நாலாவதைத் தேடி ஒரு சந்துக்குள் ரிவர்ஸிலேயே போனேன். மூடி ஒவ்வொன்றாகப் போகப்போகச் சூடு ஏறியது. ஆபீசர் முதலில் ஒரு காலைத் தூக்கினார், பிறகு இரண்டையும். ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் இறங்கவில்லை. தட்டு இருந்ததால்தான் அவர் இருந்தார். தட்டும் விழுந்தால் மனிதர் இறங்கிவிடுவார், திங்கட்கிழமை என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள்.

ஆபீஸ் வாசல் கண்ணுக்குத் தெரியும்போது தட்டு ஒரு பக்கம் கழன்று, தார்ரோட்டில் கர்ரென்று தேய்ந்தது. நிறுத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபீசர் வெறுங்காலோடு இறங்கிக் குனிந்து பார்த்தார். "எந்தப் புத்திசாலிம்மா இதைக் கட்டினான்? நாலு ஓட்டை போட்டு நட்டு முடுக்கியிருந்தா இது ஏன் விழுது?"

என் கணவரைத் திட்ட நான் இருக்கிறேன், ஊரானுக்கு என்ன வந்தது? சுள்ளென்று ஏறியது. "ஓட்டை போடக் கூடாதுன்னு நான்தான் சார் சொன்னேன். அவர் பாவம், கேட்டுக்கிட்டாரு."

ஆபீசர் என்னையே பார்த்தார். பிறகு மிச்சக் கம்பியைத் திருகித் தட்டை விடுவித்து, கைக்குட்டையால் பிடித்துத் தூக்கி வந்தார். "வண்டியை உள்ளே கொண்டாந்து நிறுத்து. நான் நடந்து வர்றேன். மேட்டுல நிறுத்தியாச்சு, சந்துல ரிவர்ஸ் போயாச்சு, பார்க்கிங் ஆச்சு. இதுக்கு மேல நான் என்னத்தைச் சோதிக்கறது? பாஸ்."

கேட்டருகில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஆபீசர் கையில் இருந்த தட்டையும் அவருடைய வெறுங்காலையும் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் கெடுத்துட்டேன், இல்ல?" என்றார். ஆனாலும் தொழில் புத்தி போகுமா? ஆபீசரின் சட்டையைக் கூர்ந்து பார்த்து, "சார், மேல் பட்டன் தொங்குது. ரெண்டு நிமிஷத்துல தைச்சுத் தரட்டுமா?" என்றார்.

"வேண்டாம்!" என்று நானும் ஆபீசரும் ஒன்றாகக் கத்தினோம்.

நான் பாஸ் என்று சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. காகிதத்தைக் காட்டினேன். அப்போதும் அவர் கண் தட்டின்மேலேயே இருந்தது. ஒரு ஓரம் முழுக்கத் தேய்ந்து நசுங்கியிருந்தது. என்ன திட்டு விழுமோ என்று நின்றார்.

தட்டை வாங்கி அவர் கையில் வைத்தேன்.

"வீட்டுக்குப் போனதும் இதுல ஓட்டை போடுங்க."

"நெசமாவா? எங்க போடட்டும்?"

"அளவெடுத்தது நீங்கதானே, என்னை ஏன் கேக்குறீங்க? திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும்."