இறங்கும் வரை

"வால் இடது பக்கம் போகுது பூர்ணி. ஸ்வல்ப வலது. ஆங், அவ்வளவுதான். அப்படியே நிறுத்து."

மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஜகதீசன் சொல்லிக்கொண்டிருந்தார். அன்னபூர்ணியின் கழுத்திலிருந்து ரிமோட் பெட்டி தொங்கியது. அதன் இரண்டு குச்சிகளிலும் கட்டைவிரல்களை வைத்திருந்தவள் இடது விரலை நூலளவு நகர்த்தினாள். எதிரே மாடிவீட்டு உயரத்தில் அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர் வாலைத் திருத்திக்கொண்டு அந்தரத்தில் நின்றது. அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் ஜகதீசனுக்குக் கோபம் வரும். பெட்ரோலில் ஓடுகிற நிஜ எஞ்சின். மேலே மரத்தில் செதுக்கிய இரண்டு இறக்கைகள், ஒரு சின்னக் கட்டிலின் நீளத்துக்கு. சுற்றும்போது கிட்டே போனால் கை போய்விடும்.

ஊருக்கு வெளியே, போகாதிக்கு அப்பால் லேஅவுட் போட்டு, சைட்டுக்கு சைட் கல்லும் நட்டு, இன்னும் யாரும் வீடு கட்ட வராத மைதானம் அது. மூலையில் ஒரே ஒரு வீடு மட்டும் அஸ்திவாரத்தோடு நின்றிருந்தது. அந்த வீட்டு மணலுக்கும் ஜல்லிக்கும் காவல்காரர் லிங்கப்பன். கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளிக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்களுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு வந்து தள்ளி உட்கார்ந்துவிடுவார். டிக்கெட் வாங்காத ரசிகர் என்று ஜகதீசன் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்.

பறக்கவிடும்போது அன்னபூர்ணிக்கு ஒரே ஒரு சட்டம்தான். கண்ணை எடுக்கக் கூடாது. ரிமோட் விமானமாக இருந்தால் விரலை எடுத்தாலும் சற்று நேரம் தன்பாட்டுக்குப் போகும். ஹெலிகாப்டர் அப்படியில்லை, ஒரு மூச்சு நேரம் விரலை எடுத்தாலே கவிழ்ந்துவிடும். ஆரம்பத்தில் ஒருநாள், "முந்தானை தரையில இழுபடுது பார்" என்று ஜகதீசன் கத்தப்போக, அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். ஹெலிகாப்டர் தலைகுப்புற விழுந்தது. ஒடிந்த இறக்கைத் துண்டு ஒன்று பறந்துவந்து ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்ச் செருகி நின்றது. ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகுதான் ஜகதீசனுக்குப் பேச்சு வந்தது.

"இனிமே பூமியே பொளந்தாலும் திரும்பாதே பூர்ணி. நானே கூப்பிட்டாலும் திரும்பாதே. எறக்கி, எஞ்சினை அணைச்சு, றெக்கை நின்னப்புறம்தான் மத்தது எல்லாம்."

அன்றிலிருந்து அவள் அதை மீறியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, "இப்போ கொஞ்சம் முன்னாடி..." என்றவர் மேற்கொண்டு சொல்லவில்லை. அன்னபூர்ணி காத்திருந்தாள். வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிற ஆள். பின்னால் யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. "அம்..." என்று லிங்கப்பனின் குரல் எழுந்து, அப்படியே அமுங்கிப்போனது. பிறகு எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஏங்க?" என்றாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை. கழுத்து திரும்பப் பார்த்தது, அவள் விடவில்லை. விரல்களை மட்டும் நினைத்துக்கொண்டு மெல்ல இறக்கினாள். தரைக்கு முழ உயரத்தில் வரும்போது தன் காற்றே தன்னை மேலே தள்ளும், உட்கார மாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். அன்றைக்கும் அடம்பிடித்தது. ஒரு கால் தொட்டது, அடுத்த காலும் தொட்டது. எஞ்சினை அணைத்தாள். இறக்கைகள் நிற்பேனா என்று சுற்றிக்கொண்டே இருந்தன. அவை நின்ற பிறகுதான் திரும்பினாள்.

லிங்கப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மார்பில் சாய்ந்தபடி ஜகதீசன் இருந்தார். கண்ணாடிகூடக் கோணவில்லை. ஆனால் ஆள் இல்லை.

செங்கல் ஏற்றிவந்த டெம்போ ஒன்றை லிங்கப்பன் குறுக்கே விழுந்து மறித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு அன்னபூர்ணியை உட்காரச் சொன்னார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மத்தியானத்துக்குள் அவர்களுடைய சரஸ்வதிபுரம் வீடு நிரம்பிவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு நஞ்சம்மாதான் எல்லோருக்கும் சொன்னாள். மகன் அபிஜித் பெங்களூரிலிருந்து வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொள்ளேகாலிலிருந்து ஜகதீசனின் அக்கா ராமக்காள் வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வாசலிலேயே ஆரம்பித்த அழுகை கூடத்துக்கு வந்தும் அடங்கவில்லை. அழுது ஓய்ந்ததும் அன்னபூர்ணியின் முழங்காலில் கையை வைத்துக் கேட்டாள்.

"ஏம் புள்ள, எந்தம்பி பின்னால உளுந்து கெடக்கறான். அந்தப் பொம்மையக் கீழ போட்டுப்போட்டு நீ ஓடியாந்திருக்கலாமல்லோ? ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது, பொம்மதான?"

கேள்வியில் விஷமில்லை. அதனால்தான் அது நேராக உள்ளே போனது.

"அத்தை, விடுங்க," என்றான் அபிஜித். "பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

காப்பாற்றியிருக்க முடியாது என்பதில் அன்னபூர்ணிக்குச் சந்தேகம் இல்லை. அவளைக் குடைந்தது வேறொன்று. விழுந்தவர் தன்னைக் கூப்பிட்டாரா? பூர்ணி, பூர்ணி என்று கூப்பிட்டு, திரும்பாத முதுகைப் பார்த்துக்கொண்டே போனாரா? அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். டெம்போவில் ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றுவிட்டவர்.

அவளை ரிமோட் பிடிக்க வைத்ததே ஜகதீசன்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற சூட்டோடு, குடகில் கரியப்பன் என்கிற காப்பித் தோட்டக்காரரின் ஸ்டோர் ரூமிலிருந்து அந்த ஹெலிகாப்டரைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். எழுபதுகளில் ஜெர்மனியிலிருந்து வந்தது. முதல் நாளே விழுந்து நொறுங்கி, பிறகு எலி குடித்தனம் நடத்திய சாமான். "குப்பை பொறுக்கறதுக்கா ரிட்டயர் ஆனீங்க?" என்று அவள் கேட்டாள். ஜகதீசன் சட்டை செய்யவில்லை. இறுகிப்போன பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தினம் ஒரு தட்டுத் தட்டி, ஒருநாள் அசைத்துவிட்டார். உடைந்த பல்சக்கரத்தைப் பழைய சிநேகிதர்கள் லேத்தில் கடைந்து கொடுத்தார்கள். இறக்கைகளைத் தானே இழைத்து, கத்தி முனையில் நிறுத்தி எடை பார்த்தார். முதன்முதலாக எஞ்சின் கிளம்பிய அன்று கொடியில் காய்ந்த நஞ்சம்மாவின் புடவைகள் எல்லாம் புகைநாற்றம் பிடித்து, அவள் ஒரு வாரம் பேசவில்லை.

எல்லாம் சரி, பறக்கவிடத்தான் முடியவில்லை. ஓய்வுபெறும் முன்பே அவருக்குக் கை நடுக்கம் வந்திருந்தது. ஸ்பானரை இறுக்கிப் பிடித்தால் தெரியாது. குச்சிமேல் லேசாக வைத்த கட்டைவிரல் ஆடியது. விரல் ஆடினால் ஹெலிகாப்டர் பேயாட்டம் ஆடியது. அப்படித் தோற்றுத் திரும்பிய ஒருநாள் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் காலமெல்லாம் டைப் அடித்த விரல்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உன் விரல் நடுங்கவே மாட்டேங்குதே பூர்ணி. நாளைக்கு நீ புடி," என்றார். பைத்தியமா என்றாள். மறுநாள் பிடித்தாள்.

அதற்கு முன்னால் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அவர் ஒர்க்‌ஷாப் சங்குக்கு ஓடுவார், இவள் கோர்ட்டுக்கு ஓடுவாள். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சு, பையனுக்கு ஜுரம், இதுதான் பேச்சு. ஹெலிகாப்டர் வந்த பிறகு பேசித் தீரவில்லை. பேசியதெல்லாம் காற்றும் வாலும் பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்பதும்தான், ஆனாலும் பேச்சு பேச்சுதானே. வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பாள். சாக்கில் கட்டி வந்த அந்தக் குப்பையை அவள் நன்றியோடுதான் நினைத்தாள், சவத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும்.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சலசலப்பு கேட்டது. லிங்கப்பன் ஹெலிகாப்டரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, இறக்கை யார் மேலும் படாமல் பக்கவாட்டில் நடந்து வந்தார். அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார். கூட்டம் தானாக வழிவிட்டது. மதிலோரம் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவர் ஜன்னல் கம்பி வழியே அன்னபூர்ணியைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிவு அவளைக் கலக்கியது. கூப்பிட்டிருக்கிறார், அதைச் சொல்லத்தான் இவருக்கு முகமில்லை என்று நினைத்தாள். எழுந்து போய்க் கேட்கலாமென்றால் இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்கரிசி போட்டார்கள். தூக்கினார்கள். அபிஜித் தீச்சட்டியோடு முன்னால் போனான். தெருமுனை வரை போய்த் திரும்பிய பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்னபூர்ணி ஈரக் கூந்தலோடு வாசலுக்கு வந்தாள். ராமக்காள் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலோரம் லிங்கப்பன் அதே இடத்தில் இருந்தார்.

"நீங்க சுடுகாட்டுக்குப் போகலையா?"

"இல்லீங்கம்மா. இதை உட்டுட்டுப் போனா வர்ற போறவங்க றெக்கையச் சுத்திப் பாப்பாங்க. ஐயாவுக்கு அது ஆவாதுங்களே."

நஞ்சம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். லிங்கப்பன் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"லிங்கப்பன், மறைக்காம சொல்லணும். அவர் என்னைக் கூப்பிட்டாரா?"

லிங்கப்பனின் முகம் கோணியது. "நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன். நா கத்தியிருக்கோணும். கத்தலீங்க."

"அவர் கூப்பிட்டாரான்னு கேக்கறேன்."

"இல்லீங்க. நெஞ்சப் புடிச்சுட்டு அப்பிடியே உக்காந்துட்டாருங்க. நா ஓடியாந்து தாங்குனேன். அம்மான்னு உங்களக் கூப்புட வாயத் தொறந்தனுங்க. ஐயா எம்பட வாயப் பொத்திப்போட்டாரு. 'கூப்புடாதே. அது எறங்கட்டும்'னாருங்க."

அன்னபூர்ணி மதிலைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்பறமென்னங்க, ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தமுங்க. எனக்கு உசுரே இல்லை. ஐயா அதையேதான் பாத்தாரு. 'எங்கையில ஒருநாளும் இப்பிடி நின்னதில்ல லிங்கப்பா, பாரு'ன்னாரு. நீங்க எறக்கறப்ப அது ஆட்டங்காட்டுச்சு பாருங்க, அப்ப 'விடு, அவ உக்கார வெச்சுருவா'ன்னாரு. உக்காந்துச்சுங்க. ஐயா சரின்னு சொல்றாப்பல தலைய ஆட்டுனாரு. அப்பறம்தானுங்க வாய் மேல இருந்த கை தளந்துச்சு." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அவரு சொன்னாருன்னு நா சும்மா இருந்திருக்கக் கூடாதுங்க."

காலையிலிருந்து வராத அழுகை அன்னபூர்ணிக்கு அப்போது வந்தது. படியில் ராமக்காளின் பக்கத்தில் உட்கார்ந்து, மறைக்காமல் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு லிங்கப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க. நீங்க கத்தியிருந்தா நான் திரும்பியிருப்பேன். அது நொறுங்கறதைத்தான் அவர் கடைசியாப் பார்த்திருப்பார். கடைசி வரைக்கும் அவரைத் தாங்கிப் புடிச்சிருந்தீங்க. இதை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

அவளுக்கு நன்றியாக இருந்தது, இவரிடமும், வாயைப் பொத்திய அந்த மனுஷனிடமும். போகிற நேரத்தில் இப்படி ஒரு வார்த்தையை விட்டுப்போக எத்தனை பேருக்கு வாய்க்கிறது? காப்பி ஆறிப்போகிறது குடியுங்கள் என்றாள். லிங்கப்பன் ஒரே மடக்கில் குடித்தார்.

தம்பி மனைவிக்குத் தலை நரைத்த பிறகும் அவளைச் சின்னப் பெண் என்றே நினைக்கிற ராமக்காள், தன் முந்தானையால் அன்னபூர்ணியின் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டி முடித்து லிங்கப்பன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பாதிதான் காதுல உளுந்துச்சு சாமி. மொதல்லருந்து சொல்லு. அது எவ்வளவு ஒசரத்துல நின்னுச்சு?"

லிங்கப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். கையைத் தலைக்கு மேல் நீட்டிக் காட்டினார். போதவில்லை போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு மதில்மேல் ஏறி நின்று, உள்ளங்கையை விரித்து இன்னும் மேலே உயர்த்தினார்.

"இதுக்கும் மேலேங்க," என்றார்.

படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அங்கே பார்த்தார்கள்.