டிகாஷன் கடல்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கலைவாணியின் டீக்கடைச் சுவரில் இருந்த கடல், போன ஆடியிலிருந்து வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏறியது. ஊர்க் கடலும் கூடவே ஏறியது. படகுகளுக்கு நம்பர் எழுதும் கோதண்டம் வரைந்த கடல் அது. பெயின்ட் தீர்ந்துபோகவே, மிஞ்சிய டிகாஷனைத் தொட்டு அலைகளையும் குப்பத்தின் இருபத்தாறு ஃபைபர் படகுகளையும் போட்டுவிட்டு, கூலிக்கு இரண்டு டீ குடித்துப் போய்விட்டான். மறுநாள் விடியலில் படகுகள் கிளம்பியபோது சுவரில் இருந்தவையும் கரையைவிட்டு நகர்ந்தன. மீன் இறங்கும் நேரத்துக்குத் திரும்பின. இரண்டு நாள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் பெண்கள் டீ வாங்கும் சாக்கில் புருஷன் எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

பிசகியது கலைவாணிதான். கடை திறந்ததும் முதல் டீயைத் தெருவில் ஊற்றுவது வழக்கம். அவளோ, புருஷன் பூபதியின் படகு வெளுத்துவிடக் கூடாதே என்று அதைச் சுவரில் ஊற்றினாள். அவன்மேல் அவ்வளவு உயிர் அவளுக்கு. படகுகள் பளிச்சென்று இருந்தன. கடலும் குடித்துக் குடித்துப் பெருத்தது. ஐப்பசியில் கோயில் படியைத் தொட்டது. கார்த்திகையில் முன்வரிசை வீடுகள் நாலும் போயின. ஏறி வந்த தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது, லேசாக இஞ்சி வாசம் அடித்தது.

ஊர்த் தலைவர் சகாதேவன் வந்து நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். தண்ணீரும் நின்றது, சுவரில் படகுகள் வெளுக்கத் தொடங்கின. நாலாம் நாள் கரையேறிய பூபதியின் நெஞ்சுக்குள்ளாக, அவனுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்த வலை தெரிந்தது. சோறு போட்டாள்; அது உள்ளே இறங்குவதும் தெரிந்தது.

"இன்னாடி அப்டி பாக்குற? எனுக்கு ஒண்ணும் இல்ல" என்றான். குரல் பாதிதான் வந்தது.

விடிந்ததும் முதல் டீயோடு சுவர்முன் நின்றாள். வீடிழந்த நாலு குடும்பமும் நினைவுக்கு வர, கை எழவில்லை. சகாதேவன் பின்னால் வந்து நின்றார். இரவெல்லாம் அழுதிருந்த முகம்.

"இன்னாமா யோசிக்கிற? ஊத்து. எம்புள்ளையும் அதுலதான் கீறான்."

ஊற்றினாள். அன்று மதியம் எல்லாப் படகும் முழு ஆட்களோடு வந்தன. பொங்கலுக்குள் பாதிக் குப்பம் காட்டூர்ப் பக்கம் மேட்டுக்குக் குடிபோனது. ஆண்கள் அங்கிருந்தே தொழிலுக்கு வந்தார்கள், முழங்கால் தண்ணீரில் நின்று டீ குடித்தார்கள், சர்க்கரை குறைவு என்று குறை சொன்னார்கள். மாசியில் தண்ணீர் அடுப்பை எட்டியது. கலைவாணி மூன்று செங்கல் வைத்து அடுப்பை உயர்த்தி, பாலைக் காய்ச்சி, முதல் டீயைச் சுவரில் ஊற்றினாள்.